ஜெயக்கொடி நட்ட பொடுதலை

மாடம்பாக்கத்தில் அந்தக் காலனி எழும்பியபோது ஜெயக்கொடி அங்கே சித்தாளாக இருந்தாள். தலையில் சும்மாடு வைத்து, பாண்டுச் சட்டியில் கலவை சுமந்து, மூன்று வீடுகளின் மாடிக்கு ஏறி இறங்கியிருக்கிறாள். நான்காவது வீட்டின் சொந்தக்காரர் சுந்தரராமன், கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள், முன்புறம் கிடந்த ஜல்லியையும் உடைந்த செங்கல்லையும் அள்ளிக் கொட்ட ஆள் தேடினார். மேஸ்திரி அவளைக் கைகாட்டினார். அவள் அள்ளி முடித்ததும், "புல் பதிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டாள். கலவையை விடப் புல் லேசாகத்தானே இருக்கும் என்று நினைத்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது.

புல் லேசாக இல்லை. பத்து நாளைக்கு ஒருமுறை குந்தி உட்கார்ந்து கத்தரியால் வெட்ட வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாள் தண்ணீர் விட மறந்தால் பழுத்துவிடும். எல்லாவற்றையும் விடக் கொடுமை கோரை. புல்லுக்குள் புல்லாக ஒளிந்துகொண்டு வளரும். மேலே பிடுங்கினால் அறுந்து வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும், நான்காம் நாள் மறுபடி தலை நீட்டும். சுந்தரராமன் வீட்டைப் பார்த்து அடுத்தடுத்த வீடுகளும் புல் கேட்டன. ஒன்று மூன்றாகி, மூன்று ஒன்பதாகியது. ஒன்பது வீட்டுக் கோரைக்கும் ஜெயக்கொடிதான் ஆள்.

அவள் வீடு பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம். விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வந்து, பஸ் மாறி மாடம்பாக்கம் போவாள். கணவன் லாசரஸ் பெயிண்டர். மகள் ஜெரூஷா எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் ஜெயக்கொடி வேலைக்கு வந்தாள். அவன் படுத்திருந்த நாட்களும் சேர்ந்து, அதற்குள் ஒன்பது வீட்டிலும் கோரை முழங்கை உயரத்துக்கு நின்றிருந்தது. அழக்கூட நேரமில்லாமல் அதைப் பிடுங்கினேன் என்று பின்னாளில் ஒருமுறை ஜெரூஷாவிடம் சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

ஐம்பது வயதானபோது முட்டி வலிக்க ஆரம்பித்தது. முதலில் எழும்போது மட்டும். பிறகு உட்காரும்போதும். சுவரைப் பிடித்து எழுவாள், சுவர் இல்லாத இடத்தில் மண்வெட்டியை ஊன்றி எழுவாள். தைலம் தேய்த்தாள். மாத்திரை போட்டாள். வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரையில் சுந்தரராமன் வீட்டுப் போர்வெல் வறண்டது. அவர் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி காமு கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கேஷவ் புனேயில் இருந்தான். அந்தப் பெரிய வீட்டில் காமு தனியாக இருந்தார். புல் பாதி பழுத்து, மீதியில் கோரை மட்டும் பச்சையாக நின்றது.

ஒரு காலை, காமு வாசல்படியில் உட்கார்ந்து, பிடுங்கிக்கொண்டிருந்த ஜெயக்கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியல, ஜெயக்கொடி. அவர் ஆசைப்பட்டாரேன்னு பார்த்துண்டு இருந்தேன். லாரித் தண்ணிய வாங்கிப் புல்லுக்கு ஊத்தறதுல ஒரு அர்த்தமும் இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டு பேவர் பிளாக் போட்டுடுன்றான் கேஷவ்."

ஜெயக்கொடி கையில் இருந்த கோரையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிளாக் போட்டால் இந்த வீடு போய்விடும். ஒன்பது எட்டாகும்.

"கல்லு போட்டா வெக்கை வூட்டுக்குள்ள வந்து குந்திக்கும் டீச்சர். எதுத்த வூட்ல போட்டுக்கீறாங்களே, பத்து மணிக்கு மேல அங்க கால் வெச்சுப் பாருங்க."

"அப்போ நீயே ஒரு வழி சொல்லு."

"எங்க ஏரிக்கரைல ஒண்ணு கீது. பொடுதலை. தரையோட தரையா ஓடும். வெட்ட வேணாம், ரொம்பத் தண்ணியும் கேக்காது. ஒருக்கா புடிச்சிகிச்சுன்னா அதும்பாட்டுக்குப் போய்கினே இருக்கும்."

"பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவாங்களே, அதா?"

"அதே தான்."

காமு யோசித்தார். அப்புறம், "அது பாட்டுக்கு இருக்கும்னு சொல்ற பாரு, அது போதும் எனக்கு," என்றார்.

ஜெயக்கொடி அதற்குமேல் யோசிக்கவில்லை. பிளாக் வராமல் இருந்தால் சரி என்பதுதான் அவள் நினைப்பு.

கோரையை வைத்துக்கொண்டு மேலே எதை நட்டாலும் வீண் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இருபது நாள், களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் கொத்தி, கிழங்கு கிழங்காக எடுத்தாள். ஒரு கிழங்கைப் பிடித்து மெதுவாக இழுத்தால் நூல் மாதிரி வேர் வரும், அதன் நுனியில் அடுத்த கிழங்கு. நூல் அறுந்தால் தொலைந்தது, அங்கேயே தோண்ட வேண்டும். எடுத்ததையெல்லாம் வெயிலில் காயப்போட்டுக் கொளுத்தினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து, ஏரிக்கரையில் பொடுதலைக் கொடிகளை அறுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள். மறுநாள் அவற்றைக் கையகலத் துண்டுகளாக நறுக்கி, கணு மண்ணுக்குள் இருக்கும்படி சாணுக்கு ஒன்றாகப் படுக்க வைத்து அழுத்தினாள். ஒன்றரை மாதம் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றச் சொன்னாள்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. காமு போன் செய்து, "செத்துப் போச்சு போலிருக்கே," என்றார். இரண்டாம் மாதம் கணுவுக்குக் கணு வேர் விட்டு, கொடி நான்கு பக்கமும் ஓடியது. ஆவணியில் மண் தெரியவில்லை. மிளகு அளவுக்குப் பூக்கள், வெள்ளையும் வெளிர் ஊதாவுமாக, ஒவ்வொன்றையும் சுற்றித் தேனீ. அந்த டிசம்பரில் புயல் மழை கொட்டித் தெருவே குளமாகி, காமு வீட்டு முன்புறம் மூன்று நாள் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுப் புல் அழுகி நாறியது. பொடுதலை மேல் சேறு படிந்திருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் வடிந்த பத்தாம் நாள் புதுத் துளிர் விட்டது.

தை மாதத்தில் ஒரு நாள் காமு அவளுக்குக் காபி கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இப்பெல்லாம் நான் காலைல இங்க வந்து அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார்றேன், ஜெயக்கொடி. எத்தனையோ வருஷம் ஆச்சு அப்படி உக்கார்ந்து." பிறகு, "நீ வாரா வாரம் வர வேண்டியதில்ல. நடைபாதை மேல ஓடி வர்றத மாசத்துக்கு ஒருக்கா வந்து நறுக்கிவிட்டாப் போதும்."

"சரி டீச்சர்," என்றாள்.

இது அவளுக்குத் தெரியாததல்ல. அதும்பாட்டுக்கு இருக்கும் என்று அவளே சொன்னதுதான். ஆனாலும் அன்று பஸ் ஸ்டாப் வரை நடந்தபோது கால் எப்போதையும் விடக் கனத்தது.

காமு வீட்டு வாசலைக் காலனியே வந்து பார்த்தது. அடுத்த சித்திரைக்குள் நான்கு வீடுகள் கேட்டன. அந்த வருடம் முழுக்க, கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராக அவள் நட்டுக் கொடுத்தாள். மறுக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதே கதைதான் நடந்தது. இருபது நாள் இடுப்பொடிய வேலை, இரண்டு மாதம் கவலை, பிறகு பச்சை, பிறகு யாராவது ஒருவர் தயங்கிக்கொண்டே வாசலுக்கு வருவார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "மாசம் ஒருக்கா வரேன்," என்று அவளே சொல்லிவிடப் பழகினாள்.

ஜெரூஷா தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். அம்மா வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பதைக் கவனித்துக் கேட்டாள்.

"எல்லா வூட்லயும் நீயே நட்டுட்டு வர்றியா?"

"கேக்கறாங்க. நடறேன்."

"நட்டா அப்புறம் ஒனக்கு அங்க இன்னா வேலை கீது?"

ஜெயக்கொடி முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவளுக்கு இரண்டும் இருந்தன. ஒரு வீடு குறைந்தால், அந்த வீட்டில் குந்த வேண்டியதில்லை என்று உடம்பு நிம்மதி அடையும். அந்த நிம்மதியின் பின்னாலேயே பயம் வரும். எது பெரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அதற்கடுத்த பங்குனியில் ஆறாவதாகக் கேட்டவர் ஷ்யாம்சுந்தர். வங்கி அதிகாரி, காலனி சங்கத்தின் செயலாளர். அவருடையதுதான் காலனியிலேயே பெரிய புல்தரை.

"டீச்சர் வீட்ல பண்ணின மாதிரியே இங்கயும் பண்ணிடுங்களேன்," என்றார்.

ஜெயக்கொடி தரையைப் பார்த்தாள். முன்யோசனை எதுவும் இல்லாமல் அவள் வாயிலிருந்து வந்தது: "ஒங்க வூட்டு மண்ணுல வராது சார்."

"ஏன்?"

"களிமண்ணு. வேர் புடிக்காது."

ஷ்யாம்சுந்தர் நம்பினார். "ஓ. சரி விடுங்க," என்று உள்ளே போய்விட்டார்.

களிமண் என்றால் பொடுதலைக்கு உயிர். ஏரிக்கரையில் அவள் அறுத்து வந்ததெல்லாம் களியில் முளைத்ததுதான். இருபத்திரண்டு வருடத்தில் மண்ணைப் பற்றி அவள் ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டுக் கோரையைப் பிடுங்கும்போது முன்பு இல்லாத ஓர் அலுப்பு சேர்ந்துகொண்டது. ஷ்யாம்சுந்தர் ஆபீஸ் கிளம்பும்போது, "பாவம், ரொம்பக் கஷ்டமா இருக்கில்ல?" என்று கேட்பார். அவர் மனைவி ஸ்ரீவித்யா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர். மதியம் மோர் கொண்டுவந்து கொடுப்பார். ஜெயக்கொடி அந்த மோரை வாங்கி, முகம் பார்க்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பாள். இப்படி நான்கு மாதம் போயிற்று.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பதினோரு மணி இருக்கும். புல்தரை நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தவளுக்கு எழ முடியவில்லை. வலது முட்டி பூட்டுப் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டது. பக்கத்தில் சுவர் இல்லை. மண்வெட்டி எட்டாத தூரத்தில் கிடந்தது. கையை ஊன்றிப் பார்த்தாள். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள். வலியில் கண் இருட்டியது. கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் அப்படியே வெயிலில் இருந்தாள். கால் மணி நேரத்துக்குப் பிறகு ஸ்ரீவித்யா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னாச்சு அக்கா? கூப்பிடக் கூடாதா?"

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, ஒற்றைக் காலில் நடத்திக் கொண்டுவந்து வராந்தா நாற்காலியில் உட்கார வைத்தார். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி முட்டியில் வைத்தார். அந்த வீட்டு நாற்காலியில் ஜெயக்கொடி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஸ்ரீவித்யா தரையில் உட்கார்ந்து ஐஸைப் பிடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வரும்மா," என்றாள்.

"என்ன வரும்?"

"பொடுதலை. ஒங்க மண்ணுல நல்லாவே வரும். வராதுன்னு நான்தான் சொன்னேன்."

ஸ்ரீவித்யாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. "ஏன்?"

"வந்துட்டா அப்புறம் என்னை எதுக்குக் கூப்புடப் போறீங்க."

ஐஸ் கரைந்து தண்ணீர் ஜெயக்கொடியின் காலில் வழிந்து தரையில் ஓடியது. ஸ்ரீவித்யா ஆட்டோ வரவழைத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து ஷ்யாம்சுந்தர் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவர் கோபத்தை விட மனவருத்தத்தில்தான் இருந்தார்.

"இத்தனை வருஷமா வர்றீங்க. என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"இன்னா சார் சொல்றது? என் வேலை போய்டும், நடாதீங்கன்னா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. முட்டியப் பாருங்க முதல்ல. நாங்க வேற ஆளை வெச்சுப் பண்ணிக்கறோம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் குந்தவே கூடாது என்றார். "குந்தாம எப்படிப்பா களை எடுக்கறது?" என்று அவள் கேட்டாள். அந்த இளம் டாக்டர், "எடுக்காதீங்க," என்றார். பொடுதலை வீடுகளில் அதற்குள் அவரவரே நறுக்கிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். புல் மீதி இருந்த மூன்று வீடுகளுக்கும் ஜெரூஷா போன் செய்து, அம்மா வரமாட்டாள் என்று சொன்னாள். ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று போன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஐப்பசியில் ஸ்ரீவித்யா போன் செய்தார். வேறு ஆள் வந்து மேலாகப் புல்லைச் சீவிவிட்டு, காமு வீட்டுக் கொடியை வாங்கி நட்டுவிட்டுப் போயிருக்கிறான். பொடுதலையோடு சேர்ந்து கோரையும் கிளம்பிவிட்டது. இப்போது கோரைதான் உயரமாக நிற்கிறதாம்.

"உங்கள வேலைக்குக் கூப்பிடல, அக்கா. என்ன பண்றதுன்னு சொன்னீங்கன்னா நானே ஆள் வெச்சுப் பார்த்துக்கறேன்."

ஜெயக்கொடி, "நான் வரேன்," என்றாள்.

ஜெரூஷா சண்டை போட்டாள். "டாக்டர் இன்னா சொன்னாரு? அவங்களே வேணாம்ன்றாங்க. நீ எதுக்குப் போற?"

"பொய் சொன்னேன்ல. அதுக்குத்தான்."

"அதான் சொல்லிட்டியே, பொய்யின்னு."

"சொல்ட்டேன். கோரை அங்கயே கீதே."

ஜெரூஷா சாணுயரப் பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதில் உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டு, இடது கையை ஊன்றி, வலது கையால் கொத்தினாள். பாதி வேகம்தான் வந்தது. ஒரு முழ இடம் முடிந்ததும் பலகையைத் தள்ளித் தள்ளி நகர வேண்டும். நட்டிருந்த கொடிகளையும் பிடுங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. மழை பெய்த நாட்களில் வராந்தாவில் காத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை ஸ்ரீவித்யாவும் பழைய புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நூலை அறுக்காமல் கிழங்கை இழுப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டார். அரை மணியில் ஏழு கிழங்கு எடுத்தார், அதில் நான்கு அறுந்தவை. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அந்தப் பெரிய தரையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். மண் கையோடு உள்ளே போனார்.

முப்பத்தைந்து நாள் ஆயிற்று. கடைசித் துண்டை நட்டு அழுத்தியபோது மார்கழி பிறந்திருந்தது, காலையிலேயே கோவில் ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. ஷ்யாம்சுந்தர் வெளியே வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்து பாருங்க. சும்மா, மேற்பார்வை மாதிரி."

"வேணாம் சார். அதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம். நடைபாதைல ஏறிச்சுன்னா கத்தரியால நீங்களே நறுக்கிக்கலாம்."

கை கால் கழுவினாள். களைக்கொத்தைத் தன்னோடு எடுத்துப் போக நினைத்து, பிறகு அதை அங்கேயே ஷெட்டில் மாட்டிவிட்டு வந்தாள்.

காமு டீச்சர்தான் அடுத்த வேலையைப் பார்த்துக் கொடுத்தார். அவருடைய பழைய மாணவி ஒருத்தி குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடம், வேளச்சேரி சாலையில். மொட்டை மாடியிலும் படிகளிலும் தொட்டிகள். காலையில் மூன்று மணி நேரம் ஹோஸ் பிடித்து நின்றுகொண்டே தண்ணீர் விட வேண்டும். குந்தும் வேலையே இல்லை. லிஃப்ட் இருக்கிறது. முதல் வாரம் முட்டி வலிக்கவில்லை. இரண்டாம் வாரம் பாதம் வீங்கியது. காமு போனில் விசாரித்தபோது, "முட்டி போய் பாதம் வந்துட்சு டீச்சர்," என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

"பொடுதலை எண்ணெய் காய்ச்சி பாட்டில்ல போட்டு வித்தா என்ன, ஜெயக்கொடி? எல்லாரும் வாங்குவாங்க."

"யார் காய்ச்சறது டீச்சர்," என்றாள் அவள். காமு அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

இப்போது பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, வேலைக்குப் போன நாளில் பகலில் இவ்வளவு நேரம் மிஞ்சியதில்லை. முதலில் பாத்திரத்தை இரண்டு தடவை தேய்த்தாள். துணியை மடித்து மறுபடி மடித்தாள். பிறகு அதையும் விட்டு, சாப்பிட்டதும் பாயை விரித்துப் படுக்க ஆரம்பித்தாள். படுத்தால் தூக்கம் கல்லைப் போட்ட மாதிரி வருகிறது. இருபத்திரண்டு வருடத் தூக்கம்.

ஜெரூஷாவுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. போன செவ்வாய் அவள் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே ஜெயக்கொடி திடுக்கென்று எழுந்து, முகம் கழுவி, புடவையை உதறிக் கட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைத்தாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"நேரமாய்ட்சுடி. எழுப்பிருக்கக் கூடாதா?"

"மணி நாலரை. சாயங்காலம்மா இது."

ஜெயக்கொடி வெளியே எட்டி வெளிச்சத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்படியா," என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பையை ஆணியில் மாட்டினாள். பாய் இன்னும் சுருட்டாமல் கிடந்தது. போய் மறுபடி படுத்துக்கொண்டாள்.